பேராதனை: மனிதர் திருத்திய மலை

பேராதனைப் பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுதப் புகும் எவரும் முதல் வாக்கியத்திலேயே இயற்கை அன்னையை அழைத்துவிடுவது எங்கள் நாட்டுப் பத்திரிகையாளரின் பழக்கம். நானும் அதற்கு விலக்கானவன் அல்லன். 1970களின் பிற்பகுதியில், கொழும்பிலிருந்து வெளிவந்த தமிழ் நாளிதழ் ஒன்றின் இளம் செய்தியாளனாக அங்கு முதன்முறை சென்று திரும்பியபோது, இயற்கை அன்னை தன் மடியில் ஏந்திய கல்விக்கூடம் என்று எழுதினேன். ஆசிரியபீடத்தில் எவரும் அந்த வரியை வெட்டவில்லை. எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள், நானும் எழுதினேன்.

அந்த வரியை வெட்டியவர் பத்திரிகைக்கு அப்பாற்பட்ட ஒருவர். அடுத்த முறை சென்றபோது, கலகா வீதியோரத்தில் மரக்கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்த வயது முதிர்ந்த தொழிலாளி ஒருவருடன் பேச்சுக் கொடுத்தேன். தமிழர். மாரா மரத்து நிழலில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலையை மடித்தார். இடம் எவ்வளவு அழகு, எல்லாம் இயற்கையின் கொடை என்று நான் சொன்னதும் சிரித்தார். "இயற்கைன்னு சொல்லாதீங்க ஐயா. எங்கப்பாரு காலத்துல இதெல்லாம் தோட்டக்காடு. மரம் அப்புறம் வச்சதுதாங்க. வச்சவங்களும் நாங்கதான்" என்றார்.

பல்கலைக்கழகம் புகும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. ஆயினும் செய்தி தேடி அதன் வாயிலை ஏறத்தாழ அரை நூற்றாண்டாகக் கடந்து வந்திருக்கிறேன். அந்த வளாகத்தைப் பற்றி நான் கேட்ட சொற்பொழிவுகளுள் எதுவும் அந்த முதியவரின் நான்கு வாக்கியங்களுக்கு ஈடாகாது. சுற்றாடல், பேண்தகு வாழ்வு என்ற சொற்கள் இன்று எல்லாப் பல்கலைக்கழகங்களின் பிரசுரங்களிலும் இடம்பெறுகின்றன. பேராதனையில் அச்சொற்களுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு. அது காடு அழிந்த கதையில் தொடங்குகிறது.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆறு ஆண்டுகளில், 1821இல், மகாவலி கங்கை வளைந்து சூழும் பேராதனை நிலத்தில் அலெக்சாந்தர் மூன் தாவரவியற் பூங்காவை அமைத்தார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஆற்றின் மறுகரையில், கன்னொருவையில், தேசாதிபதி எட்வர்ட் பாண்ஸ் தம் சொந்தக் கோப்பித் தோட்டத்தைத் திறந்தார். ஆளுகின்றவரே தோட்டக்காரராகவும் இருந்தால் சட்டம் எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டமுடியாத காட்டு நிலத்தை முடிக்குரியதாகக் கருதியது. அந்நாளில் ஏக்கர் ஐந்து சிலிங் விலைக்கு மலைகள் விற்கப்பட்டன. கண்டியைச் சுற்றிய மலைச்சரிவுகளில் காடு வெட்டப்பட்டது. வெட்டியது எரிக்கப்பட்டது. சாம்பல் ஆறும் முன்னர் கோப்பிக் கன்றுகள் நாட்டப்பட்டன.

வெட்டியவர்களும் நாட்டியவர்களும் யார் என்பதை நம் வாசகர்கள் அறிவர். திருச்சி, மதுரை, தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து வந்து, கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து மலையேறியவர்கள் அவர்கள். அந்த நடைபாதையில் வாந்திபேதிக்கும் பசிக்கும் இரையானோர் தொகை பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகின்றனர். மலையகத்தில் அதனை வாதமாக எவரும் பேசுவதில்லை. அது குடும்பக் கதை.

கோப்பி நாற்பது ஆண்டுகள் ஆண்டது. உச்ச காலத்தில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் அந்த ஒரே பயிர் நின்றது. 1869இல் இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் தோன்றியது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே அந்தப் பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வஸ்ரற்றிக்ஸ் என்று பெயரிட்டார்கள். "வஸ்ரற்றிக்ஸ்" என்றால் அழிப்பவள். பெயர் பொய்க்கவில்லை.

இந்தக் கட்டத்தில்தான் பேராதனை மண்ணில் அறிவியல் முதன்முறையாக வல்லாருக்கு உவப்பில்லாத ஓர் உண்மையைச் சொல்லியது. 1880இல் ஹரி மார்ஷல் வோர்ட் என்னும் இளம் தாவரவியலாளர் இங்கு வந்து, இரண்டு ஆண்டுகள் இலைத்துரு நோயை ஆராய்ந்தார். நோயின் வித்திகள் காற்றில் பரவுகின்றன. காற்றைத் தடுக்க இடையில் காடில்லை. மலைக்கு மலை ஒரே பயிரைத் தொடர்ச்சியாக நட்டதே இந்தப் பேரழிவுக்கு வழிவிட்டது என்பதே அவர் கண்ட முடிவின் சாரம். தோட்டத்துரைமார் எதிர்பார்த்தது மருந்து. வோர்ட் கொடுத்தது விளக்கம். அவர்களுள் பலருக்கு அது கசந்தது. அவர் 1882இல் நாடு திரும்பினார். கோப்பி மடிந்தது.

பாடம் கற்கப்பட்டதா? கோப்பி நின்ற இடத்தில் தேயிலை வந்தது. மீண்டும் மலைக்கு மலை ஒரே பயிர். இன்று பல்கலைக்கழகத்தின் ஊடே செல்லும் கலகா வீதி, மாணவர் விடுதிகளைத் தாண்டி மலையேறி, கலகா, தெல்தோட்டைப் பக்கமாகச் செல்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் வர்த்தகத் தேயிலையை முதன்முதல் பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டம் அந்தப் பக்கத்து மலைகளில்தான் இருக்கிறது. பாடப் புத்தகத்தில் தனித்தனி அத்தியாயங்களாக இருக்கும் கோப்பியும் தேயிலையும் பல்கலைக்கழகமும் நிலத்தில் ஒரே வீதியின் ஓரங்களில் கிடக்கின்றன.

பல்கலைக்கழகம் இங்கு வந்த கதை தனி நூலுக்குரியது. சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இல் சங்கம் அமைத்து வாதாடியவர்களுள் முன்னவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. 1924இல் அருணாசலம் காலமானார். முழுப் பல்கலைக்கழகம் எங்கே அமைவது என்ற சண்டை அதன் பின்னரும் ஓயவில்லை. கொழும்பு என்றனர் சிலர். கண்டிப் பக்கம் என்றனர் சிலர். பத்திரிகை அதிபர் டி. ஆர். விஜேவர்த்தன கண்டிக் கட்சியின் பெருங்குரலாக விளங்கினார். தும்பறைப் பள்ளத்தாக்கு ஒருகாலம் முன்னின்று பின் கைவிடப்பட்டது. இறுதியில், 1938இல், பேராதனை தேர்வாயிற்று. அருணாசலம், ஜேம்ஸ் பீரிஸ், மாக்கஸ் பெர்னாண்டோ, மார்ஸ், விஜேவர்த்தன என்று விடுதிகளின் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டு நடந்தால் இந்தச் சண்டையின் பாத்திரங்கள் பலரைச் சந்தித்துவிடலாம்.

தேர்ந்தது ஒரு பழைய தோட்டம். நியூ பேராதனைத் தோட்டமும் அதனை அடுத்த நிலங்களும். மேலே ஹந்தானை மலைத்தொடர், கீழே மகாவலி. நூறு ஆண்டுகள் மண் அரித்தோடிய சரிவு.

1941இல் வந்த ஐவர் ஜெனிங்ஸ், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். அரசியலமைப்பு வல்லுநர் என்றே அவரை நாம் நினைவுகூர்கிறோம். சோல்பரி அரசியலமைப்பில் அவர் கைவண்ணம் எவ்வளவு என்ற விவாதத்தில் நம்மவர் காட்டும் கோபம் நியாயமானதே. ஆனால் மரங்களின் விடயத்தில் அவர்மீது எனக்குக் கோபமில்லை. வளாகத்தில் எந்த மரம் எங்கு நிற்கவேண்டும் என்பதில் அவர் தாமே தலையிட்டார். கொன்றையும் தபேபூயாவும் ஜக்கரந்தாவும் மாராவும் இன்று பூத்து உதிர்வது அந்தக் காலத்து நடுகையின் தொடர்ச்சி.

திட்டம் வரைந்தவர் சேர் பற்றிக் அபர்குரோம்பி. உலகப் போரில் குண்டுகளால் சிதைந்த இலண்டன் மாநகரை மீளமைக்கத் திட்டம் தீட்டியவரும் அவரே. அவருடன் பணியாற்றிய கிளிபோர்ட் ஹொலிடே முன்னர் எருசலேமில் நகரத் திட்டமிடலில் ஈடுபட்டிருந்தவர். இவர்களின் திட்டத்தைக் கல்லாகவும் ஓடாகவும் ஆக்கிய கட்டடக் கலைஞர் ஷேர்லி டி அல்விஸ்.

அந்தத் திட்டத்தில் நான் வியப்பது கட்டடங்களை அன்று, அவர்கள் கட்டாமல் விட்ட இடங்களை. ஆற்றோரத் தாழ்நிலம் விளையாட்டுத் திடல்களுக்கு விடப்பட்டது. பாதைகள் மலையின் வளைவைப் பின்பற்றின. விடுதிகள் சரிவில் படிப்படியாக ஏறின. விரிவுரை மண்டபத்துக்கும் நூலகத்துக்கும் விடுதிக்கும் இடையில் மாணவர் நடந்தே போகலாம், நிழலிலேயே போகலாம். செனற் கட்டடத்தின் கீழ்த்தளம் கண்டி அரண்மனையின் மகுல் மடுவத்தை நினைவூட்டும் திறந்த தூண் மண்டபம். அகன்ற தாழ்வாரமும் சரிந்த கூரையும் வெயிலையும் மழையையும் ஒருங்கே தடுத்தன. விசிறியின்றி நண்பகலில் அங்கே உட்கார்ந்து குறிப்பெழுதியிருக்கிறேன், வியர்த்ததில்லை. வளாகத்துக்கென்றே ஒரு சிறு புகையிரத நிலையம் உண்டு. சரசவி உயன என்று பெயர். சிங்களத்தில் பல்கலைக்கழகப் பூங்கா என்று பொருள். ஏறத்தாழ 700 ஹெக்டெயர் பரந்த நிலத்தில் கட்டடம் எழுந்த பகுதி சிறியது.

இவையெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் மலையின் மறுபக்கத்தில் வேறொன்று நடந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அந்த மலையைத் திருத்திய மக்களுள் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. அதே 1949இல் விவசாயம், சட்டம் ஆகிய பிரிவுகள் முதலாவதாகப் பேராதனைக்கு இடம்பெயர்ந்தன. தோட்டம் பூங்காவாக மாறிய அதே காலத்தில் தோட்டத்து மனிதர் நிலமின்றி, நாடின்றி, வாக்கின்றி நின்றனர். நான் பேசிய முதியவரின் தம்பி, 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின் கீழ்க் கப்பலேறி நீலகிரிப் பக்கம் போய்விட்டாராம். "அவன் அங்கயும் கொழுந்துதான் எடுக்கிறான்" என்று சொன்னபோது அவர் குரலில் துக்கமோ ஏளனமோ எனக்குத் தெரியவில்லை.

1952 ஒக்டோபரில் பல்கலைக்கழகம் பெரும்படியாகக் கொழும்பிலிருந்து நகர்ந்தது. 1954 ஏப்ரல் 20ஆம் திகதி, எலிசபெத் மகாராணியின் முன்னிலையில், எடின்பரோ கோமகன் அதனைச் சம்பிரதாயப்படி திறந்துவைத்தார். ஏற்கெனவே திறந்துகிடந்த ஒன்றைத் திறப்பதாயிற்றே என்று, வழமையைவிடக் கூடுதலாகத் திறந்துவைக்கிறேன் என்னும் பொருள்பட அவர் நகைச்சுவையாகச் சொன்னது பின்னர் பேராதனையின் அடையாள வாசகமாகவே ஆகிவிட்டது.

யாருக்குத் திறந்திருந்தது என்பது வேறு கேள்வி. வெள்ளிக் கரண்டியும் மேசை நாகரிகமுமாக ஒரு சிறு மேட்டுக்குடிக்கு ஜெனிங்ஸ் அமைத்த ஆங்கிலேயச் சோலை இது என்ற கண்டனம் அன்றே எழுந்தது. அதில் உண்மை உண்டு. 1960இல் சுயமொழிகளில் கற்பித்தல் வந்தபோது கிராமத்துப் பிள்ளைகள் உள்ளே வந்தனர். சிலருக்காகப் போட்ட அறைகளில் பலர் தங்கினர். இன்று ஒன்பது பீடங்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர். இந்த மாற்றத்தை நான் ஒருபோதும் குறையாக எழுதமாட்டேன். சோலையைக் காப்பதற்காகக் கதவைச் சாத்துவது எனக்கு உடன்பாடான சுற்றாடற் கொள்கை அன்று. ஆனால் தொகை பெருகியபோது, கட்டாமல் விட்ட இடங்களின் அருமையை உணர்ந்து கட்டியவர்கள் குறைந்தார்கள். கொங்கிறீற் பெட்டிகள் முளைத்தன. திறந்த தாழ்வாரம் போய்க் கண்ணாடி வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் குளிரூட்டி வந்தது.

இனி, பேராதனை தன் வேலிக்கு வெளியே செய்த காரியத்துக்கு வருகிறேன். என் கணக்கில் அதுவே பெரிது.

1972இல் சிங்கராஜ மழைக்காட்டில் இயந்திரங்கள் இறங்கின. ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கு மரம் வேண்டும் என்பது அரசின் வாதம். அந்நியச் செலாவணி இல்லாத காலம். வாதம் பலருக்கு நியாயமாகவே பட்டது. காட்டில் சும்மா நிற்கும் மரம் நாட்டுக்குப் பயன்படட்டுமே என்று எழுதிய பத்திரிகைகளும் உண்டு. எதிர்த்தவர்கள் சிலர். ஆனால் அவர்கள் கையில் தரவு இருந்தது. சிங்கராஜ மரவினங்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவை இந்த நாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை. 1977இல் மரம் வெட்டுதல் நின்றது. 1978இல் அது உயிர்க்கோள ஒதுக்கிடமாயிற்று, 1988இல் உலக மரபுரிமையாயிற்று. 1970களிலேயே அந்தக் காட்டில் ஆய்வைத் தொடங்கிய பேராதனைத் தாவரவியற் பேராசிரியர்களான நிமால் குணதிலக, சாவித்திரி குணதிலக தம்பதியரின் உழைப்பு பல தசாப்தங்கள் நீடித்தது. ஊர்வலத்தில் கோஷம் போடுவது ஒரு பணி. சகதியில் முழங்காலிட்டு ஒரு கன்றின் வளர்ச்சியை ஆண்டாண்டாக அளப்பது வேறொரு பணி. செய்தியாளர்களாகிய நாங்கள் முதலாவதற்கு மட்டும் புகைப்படப்பிடிப்பாளரை அனுப்பினோம்.

கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் மானாப்புல் மண்டிய சரிவுகளிலும் பைனஸ் மரம் நடும் வேகம் இதே காலத்தில்தான் வந்தது. கரிபியன் பைனஸ் விரைவாக வளரும், மொட்டை மலை பசுமையாகத் தெரியும். ஹந்தானைச் சரிவுகளிலும் அது ஏறியது. கோப்பி, தேயிலைக்குப் பின் மூன்றாவது தடவையாக மலைக்கு மலை ஒரே மரம். வோர்ட் உயிரோடிருந்தால் என்ன சொல்லியிருப்பார்! பைனஸின் ஊசியிலை மெத்தைபோல் மண்ணில் படிகிறது. வறண்ட மாதங்களில் அது வெடிமருந்துக்குச் சமானம். மலையடி வாசிகளோ தண்ணீர் வற்றியதற்குப் பைனஸ் மேல் பழி போட்டனர். ஹந்தானையில் தீ பற்றினால் இரவில் கண்டி நகரத்திலிருந்தே அந்தச் செங்கோடு தெரியும். ஒருமுறை அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே மலையடிக்குச் சென்றேன். மாணவர்கள் பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்தே தீயை அணைத்துக்கொண்டிருந்தார்கள். சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் கரி பூசிய முகத்தோடு நின்றபோது யார் எவர் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. போர் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் அவை. மறுநாள் பத்திரிகையில் அந்தச் செய்திக்கு எட்டு வரி கிடைத்தது.

பைனஸை என்ன செய்வது? வெட்டி எறிந்துவிட்டால் சரிவு மீண்டும் மொட்டையாகும். இதற்கும் விடை சிங்கராஜ எல்லையில் கிடைத்தது. குணதிலக தம்பதியர், யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் ஆஷ்டன் முதலானோருடன் சேர்ந்து, 1990களில் பைனஸ் தோட்டத்துக்குள்ளேயே மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். ஓரிடத்தில் ஒரு வரிசைப் பைனஸை நீக்கினார்கள், இன்னோரிடத்தில் மூன்று வரிசைகளை நீக்கினார்கள், வேறிடத்தில் எதையும் நீக்காமல் விட்டார்கள். மூன்று வரிசை நீங்கிய இடைவெளியில் காட்டுக் கன்றுகள் நன்றாகத் தலையெடுத்தன. அளவான வெளிச்சம், அளவான நிழல். பகையென்று கருதிய மரமே செவிலித்தாயாயிற்று. 1997இல் வெளியான அந்த ஆய்வு, காடு மீட்பைப் பற்றிப் பேசுவோர் இன்றும் எடுத்துக்காட்டும் ஒன்று. எனக்கு இதில் பிடித்தது, அதன் அவசரமின்மை. தவறாக நட்டதைக்கூடப் பயன்படுத்தித் திருத்தலாம் என்ற நிதானம் நம் அரசியலில் எங்கும் காணக்கிடைக்காதது.

நிதானமின்மைக்கு உதாரணம் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. 2021 ஏப்ரலில், நாடு முழுவதும் இனி இயற்கை விவசாயமே என்று அரசு அறிவித்தது. மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்யும் வர்த்தமானி வெளியாயிற்று. காகிதத்தில் பார்த்தால் உலகிலேயே பசுமையான நாடு. பேராதனை விவசாய பீடத்துப் பேராசிரியர்கள், ஒரே இரவில் இது இயலாது, விளைச்சல் விழும் என்று எச்சரித்தார்கள். அவர்களுள் வெளிப்படையாகப் பேசிய பேராசிரியர் புத்தி மாரம்பே, விவசாய அமைச்சில் வகித்த பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார். சுற்றாடலின் பெயரால் ஒரு சுற்றாடல் அறிஞனின் வாயை அடைத்த காலம் அது. வயல்கள் காய்ந்து, விவசாயிகள் வீதியில் இறங்கி, அவ்வாண்டு நவம்பரில் தடை விலகியது. 140 ஆண்டுகளுக்கு முன் தோட்டத்துரைமார் வோர்ட்டிடம் கேட்கவிரும்பாததும், 2021இல் அரசு மாரம்பேயிடம் கேட்கவிரும்பாததும் ஒரே வகையான பதில்தான்.

அடுத்த ஆண்டு வந்த பொருளாதார முடக்கம் வேறு விதமாகப் பாடம் நடத்தியது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. எரிவாயு இல்லை, பெற்றோல் இல்லை. அந்நாட்களில் பேராதனைக்குச் சென்ற நண்பர் ஒருவர் திரும்பிவந்து சொன்னார்: புதிய கட்டடங்களில் இருக்கமுடியவில்லை, எல்லோரும் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு பழைய தாழ்வாரங்களுக்கு வந்துவிட்டார்கள். ஷேர்லி டி அல்விஸுக்கு இதைவிட நல்ல நினைவஞ்சலி இருக்கமுடியாது.

பிளாஸ்ரிக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் காலத்தில் சோற்றுப் பொதி வாழையிலையில் வந்தது. பின்னர் இலை போய் லஞ்ச் சீற் வந்தது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் விரிக்கப்பட்டு, மடிக்கப்பட்டு, எறியப்பட்டது. எறிந்ததைக் குரங்குகள் எடுத்து மரக்கொம்புகளில் காயப்போட்டன. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் புதையுண்ட பின்னரே நாட்டுக்குச் சுரணை வந்து, அவ்வாண்டு செப்டெம்பரில் பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்குத் தடை வந்தது. தடைக்குப் பின்னும் குரங்குகளுக்குக் கொடி கட்டத் துணிப் பஞ்சம் இருந்ததாக நான் காணவில்லை.

ஹந்தானையைச் சுற்றாடற் பாதுகாப்புப் பிரதேசமாக 2010இல் அறிவித்தார்கள். அறிவித்த பின்னரும் அதன் சரிவுகளில் வீடுகளும் விடுதிகளும் ஏறிக்கொண்டே இருந்தன. காட்சி அழகுக்கு விலை கூட. வெட்டிய மண்ணைத் தாங்கச் சுவர் கட்டுவார்கள். சுவரைத் தாங்க எதுவுமில்லை.

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வந்தது. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி மாவட்டத்தின் இழப்பு மிகக் கொடியது. மலைகள் இரவோடிரவாக இறங்கி வந்தன. இறந்தவர்களில் தோட்ட லயன்களில் உறங்கியோரும் உண்டு. எந்த மலையின் மரத்தை வெட்ட அவர்களின் பாட்டன் பூட்டனைக் கொண்டுவந்தார்களோ, அந்த மலையின் மண்ணே அவர்கள்மேல் வந்து விழுந்தது. மகாவலி கரைமீறிப் பேராதனையின் தாழ்நிலங்களை விழுங்கியது. எண்பது ஆண்டுகளுக்கு முன் ஆற்றோரத்தை ஏன் திடலாக விட்டார்கள் என்று கேட்டவர்களுக்கு ஆறே பதில் சொன்னது.

சில வாரங்கள் கழித்துச் சென்றேன். என் வயதில் கலகா வீதியின் ஏற்றம் இலகுவன்று. மூன்றிடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். சேறு காய்ந்து வீதியோரத்தில் வெடித்துக் கிடந்தது. முதியவர் கத்தியை வைத்துவிட்டு வெற்றிலை மடித்த அந்த இடத்தைத் தேடினேன். மாரா மரங்கள் பல அங்கே. எதுவென்று நிச்சயமாகச் சொல்லமுடியவில்லை. வேர்கள் பிடித்திருந்த கரை மட்டும் சரியாமல் நின்றது.

அருகில் மாணவியர் சிலர் கறுப்புப் பைகளில் வளர்த்த கன்றுகளை வாகனத்திலிருந்து இறக்கிக்கொண்டிருந்தனர். ஒருத்தி தமிழ்ப் பெண்; மஸ்கெலியாப் பக்கம் என்றாள். "என்ன கன்று பிள்ளை?" என்று கேட்டேன். நான்கைந்து பெயர்கள் சொன்னாள். எல்லாம் இந்த நாட்டு மரங்கள், ஒன்றுபோல் ஒன்றில்லை. எங்கே நடப்போகிறீர்கள் என்றதற்கு மேலே பைனஸ் காட்டைக் காட்டினாள். "மரமாக எத்தனை வருஷம் செல்லும்?" என்றேன்.

"நாப்பது, அம்பது வருஷம் ஆகும் ஐயா" என்றாள். பிறகு ஒரு கன்றின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் குறித்துக்கொண்டு, பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மற்றவர்களுக்குப் பின்னால் மலையேறிப் போனாள்.